துணைக்கு யார்?

சைக்கிளில் தனியாக ஒரு மலையைத் தாண்டிவிட்டு வந்தேன் என்று காரியாலயத்தில் சொன்னேன். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. ஆசிரியரிலிருந்து காப்பி கொண்டு வரும் பையன் வரையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "துணைக்கு யார்?"

ஒருவரும் இல்லை என்றால் "ஓகோ!" என்று இழுக்கிறார்கள். அந்த இழுப்பிலே பாதி ஆச்சரியம், பாதி அனுதாபம். வீட்டிலே ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது, பாவம், கோபித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாள் என்று நினைக்கிறார்களோ என்னவோ! அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சௌக்கியமாக இருக்கிறார். அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் போனது இமயமலைக்கு அல்ல. தென்காசியில் புறப்பட்டு, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். சுமார் 55 கிலோ மீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. வடக்கேயும் தெற்கேயும் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் மலை, இந்த ஓர் இடத்தில் மட்டும் "சரி, போய்த் தொலையுங்கள்" என்று தணிந்து கொஞ்சம் வழி விடுகிறது. அதற்குத்தான் செங்கோட்டைக் கணவாய் என்று பெயர். ஆரியங்காவுக் கணவாய் என்று சொல்வாரும் உண்டு. மலைக்கு இந்தப் பக்கத்தில் இருந்தாலும், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரையில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடுதான் சேர்ந்திருந்தது. மலைக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு ராஜாங்கம் நடத்துவதற்கு இந்த வழி போதுமானதாக இருந்திருக்கிறது. என் வண்டிக்குப் போதாதா?

வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006-ல் நான் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிள் அது. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அத்தனை வண்டியும் ஒரே ஜாடை. அடையாளத்துக்காகக் கைப்பிடியில் நான் கட்டிய சிவப்பு ரிப்பன் வெளுத்துப் போய் இன்னும் இருக்கிறது. எனக்குப் பிறகு அக்காவின் பெண் அதை ஓட்டினாள். அவளுக்கு ஸ்கூட்டர் வந்ததும், தென்காசியில் அக்கா வீட்டு மாடிப்படியின் கீழே உடைந்த கிரைண்டரோடு குடியேறிவிட்டது. கியர் என்ற பேச்சே கிடையாது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகும். சமதரையானாலும் சரி, மலையானாலும் சரி, அதற்கு ஒரே கணக்கு.

கடையில் கொடுத்து ஓவராயிலிங் செய்யச் சொன்னேன். கோன், பால்ஸ், இரண்டு ட்யூப், நாலு பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டு, ரிம்மில் கோட்டம் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

"பாப்பா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டவா?" என்றார்.

"இல்லை, நான் புனலூருக்கு ஓட்ட."

மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பிரேக்கை மட்டும் இன்னொரு தரம் முடுக்கினார். அன்று எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலே உருப்படியானது அது ஒன்றுதான்.

வீட்டிலே என் கட்சியில் இருந்தது அம்மா ஒருத்தி. அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது 1992-ல், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில். எங்களுக்குப் புதுக்கோட்டை ஜில்லா. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அப்போது கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்கவும் கற்பிக்கவும் வரும் பெண்கள் ஊருக்கு ஊர் போய்வர வேண்டாமா? ஆகவே அரிச்சுவடியோடு சைக்கிளையும் பாடமாக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். அதிலும் ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்தார்கள்: குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! அப்படி உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருத்தி. அந்த நாளில் தெருவோரத்து ஆண்பிள்ளைகள் பேசிய பேச்சையெல்லாம் அம்மா இன்றைக்கும் வரி தவறாமல் ஒப்பிப்பாள். அச்சில் ஏற்றத் தக்கதல்ல.

அத்தான் நல்லவர், பாங்கியில் உத்தியோகம். அபாயங்களை எண்ணிப் பார்ப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். லாரி, யானை, மழை, மனிதர்கள் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒரு ராஜி யோசனையும் சொன்னார். "நீ பாட்டுக்கு முன்னால் ஓட்டு. நான் பின்னாலேயே காரில் வருகிறேன். தொந்தரவே பண்ண மாட்டேன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்படிப் போனால் அது அவள் போனதாக ஆகாது மாப்பிள்ளை. நீங்கள் ஓட்டிக்கொண்டு போனதாக ஆகும்."

புளியரை, ஆரியங்காவு, தென்மலை மூன்று இடத்திலிருந்தும் போன் செய்வது என்று உடன்படிக்கை ஆயிற்று.

ஆடி மாதம். காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டேன். மலை ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். சமதரையில் ஒரு சத்துரு காத்திருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. காற்று! குற்றாலத்துச் சீஸனுக்குப் போனவர்களுக்கு இந்தக் காற்று தெரியும். ஆனால் அருவிக்கரையில் தலை காய்வதற்கு அது உதவியாக இருப்பதனால் நாம் அதைக் குறை சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மலைச் சுவரில் முட்டுகிறது. எங்கும் வழியில்லை. இந்தக் கணவாய் ஒன்று திறந்திருக்கிறது. ஆகவே அவ்வளவு காற்றும் இதற்குள்ளே நுழைந்து, புனலில் ஊற்றிய எண்ணெய் மாதிரி பீறிட்டுக்கொண்டு தென்காசிப் பக்கம் வெளியே வருகிறது. கூடவே கொஞ்சம் சாரலையும் கொண்டுவந்து தெளிக்கிறது. இந்தப் பக்கத்து வயல்வெளிகளில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்களே, சும்மாவா?

தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டுக் கிலோ மீட்டர்கூட இராது. அதற்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புடவை கட்டிக்கொண்டு வராமல் சல்வார் அணிந்து வந்தேனே என்று சந்தோஷப்பட்டேன். துப்பட்டாவை அவிழ்த்துக் கேரியரில் கட்டிவிட்டேன். பால்காரர் ஒருவர் எதிரே வந்தார். காற்று அவரை முதுகில் தள்ளுகிறது; மிதிக்காமலே பவனி வருகிறார். என்னைப் பார்த்ததும், "ஒத்தையிலா போறிய?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாய்க்குள்ளேயும் காற்று. தலையை ஆட்டினேன்.

புளியரை மிக அழகான இடம். மூன்று பக்கமும் மலை. நடுவிலே நெல் வயல், தென்னை, வாய்க்கால். சினிமாக்காரர்கள் அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த அழகுக்கு முன்னால் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காய்கறி, வைக்கோல், ஜல்லி, மணல் என்று மலையாளத்துக்கு வேண்டிய சாமான் இந்த வழியாகத்தான் போகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம். எஸ் வளைவு என்று ஓரிடம். லாரிகள் அங்கே ஒன்றையொன்று உரசாமல் திரும்புவதைப் பார்த்தால் நமக்குத்தான் மூச்சு நிற்கும். நான் நூறு அடி மிதித்தேன். இருநூறு அடி மிதித்தேன். ஐந்து மீட்டர் கணக்கு இங்கே பலிக்கவில்லை. இறங்கித் தள்ளினேன்.

சைக்கிளைத் தள்ளுவது அவமானம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அப்போது டெர்வ்லா மர்ஃபி அம்மாளின் ஞாபகம் வந்தது. அயர்லாந்திலே லிஸ்மோர் என்ற சிற்றூர்க்காரி. பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பழைய தேசப்படப் புஸ்தகமும் பரிசாகக் கிடைத்தன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த குழந்தை, ஒரு நாள் இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவது என்று தீர்மானித்தாள். நல்ல தீர்மானந்தான். ஆனால் பதினாலாவது வயதில் படிப்பை நிறுத்தும்படி ஆயிற்று. தாயாருக்குக் கடுமையான மூட்டு வாதம். எழுந்து நடமாட முடியாது. ஒரே பெண். பதினாறு வருஷம் தாயாருக்குப் பணிவிடை செய்தாள். 1962-ல் தாயார் கண்ணை மூடினாள். 1963 ஜனவரியில், ஐரோப்பா முழுவதும் பனியில் உறைந்து கிடந்த சமயத்தில், தன்னந்தனியாகச் சைக்கிளில் புறப்பட்டாள். ஆறு மாதத்தில் டில்லி வந்து சேர்ந்தாள்.

அந்த அம்மாள் தன் வண்டியில் இருந்த கியரைப் புறப்படுமுன் நீக்கிவிட்டாள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம். கரடுமுரடான பாதையில் கெட்டுப் போகக்கூடிய சாமான் எதற்கு? ஏற முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது! நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிற பாபுசார் கணவாயைக்கூட அப்படித்தான் கடந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தேசங்கள், எத்தனையோ புஸ்தகங்கள். 2022-ல் அதே லிஸ்மோரில் தொண்ணூறாவது வயதில் காலமானார். அவருடைய சைக்கிள் பிரயாணத்தை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பதினாறு வருஷந்தான் பெரிய ஏற்றமாகத் தோன்றுகிறது. அங்கேயும் இறங்கித் தள்ளித்தான் இருக்கிறார்.

தனியாகத் தள்ளுவதில் ஒரு சுகம் உண்டு. யாரையும் காக்க வைக்கவில்லை, யாருக்காகவும் ஓடவில்லை. ஓர் ஓடை கண்ணில் பட்டால் நிற்கலாம். குரங்கு ஒன்று லாரியிலிருந்து விழுந்த முட்டைக்கோஸைத் தாள் தாளாகப் பிரித்துத் தின்பதைக் கால் மணி நேரம் பார்க்கலாம். நான் பார்த்தேன். கல்யாணமான பிறகு எட்டு வருஷத்தில், யாருக்கும் பதில் சொல்லாமல் கால் மணி நேரம் நின்று ஒரு குரங்கைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் போய்விட்டது. கொஞ்சம் திக்கென்றது, அதையும் மறைப்பானேன்?

ஏற்றம் ஏறக்குறைய முடியும் இடத்துக்குக் கோட்டைவாசல் என்று பெயர். இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. கறுப்பசாமி கோயில் கொண்டிருக்கிறார். லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். சாரல் வலுக்கவே, ஒரு கூரையின் கீழே ஒதுங்கினேன். அங்கே ஒரு கிழவி வாழை இலைக் கட்டோடு பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். எண்பதுக்குக் கிட்ட இருக்கும். என்னையும் வண்டியையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"தொணைக்கு ஆரு தாயி?" என்றாள். இங்கேயுமா!

"யாரும் இல்லை பாட்டி."

"நல்லதாப் போச்சு" என்றாள் கிழவி.

காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்திலே உட்கார்ந்தேன். அவள் சொன்ன கதை இது. 1960-களில் மலையாளத்தில் அரிசிக்குக் கடுமையான தட்டுப்பாடு. ஒரு மாநிலத்து அரிசியை இன்னொரு மாநிலத்துக்குத் தனி மனிதர்கள் எடுத்துப்போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம். கிழவிக்கு அப்போது இருபது வயது, கைக்குழந்தை, புருஷன் படுக்கையில். இந்தப் பக்கத்து அரிசியை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தால் படிக்கு இவ்வளவு என்று கிடைக்கும். ராத்திரி நேரத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, குகைக்குள் புகுந்து நடந்து போவாளாம். பத்துப் பதினைந்து படி. தலையில் பாதி, இடுப்பில் துணியாகச் சுற்றிப் பாதி.

"கூட்டமாப் போறவளுவ எல்லாம் பிடிபட்டாளுவ. ஒருத்தி இருமுவா, ஒருத்தி பயந்து கத்துவா. நான் ஒத்தையிலதான் போவேன். ஒத்தையில போனா நம்ம பயம் ஒண்ணுதான். தொணையோட போனா அவ பயத்தையும் சேத்துச் சொமக்கணும்."

"யானை, கீனை வராதா பாட்டி?"

"வரும். அது பாட்டுக்குப் போவும். போலீசுதான் போவமாட்டான்."

சட்டப்படி தப்பான காரியந்தான். அரிசிக் கடத்தலைப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். கிழவியும் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். ஆனால் நான் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கும், பஞ்சர் ஒட்டும் சாமானும், மூன்று போன்கால் உடன்படிக்கையுமாகப் பட்டப்பகலில் தார் ரோட்டில் வந்ததை 'சாகசம்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அது என் தலையிலிருந்து மெள்ள இறங்கிவிட்டது. பஸ் வந்தது. இலைக்கட்டை நான் தூக்கிக் கொடுத்தேன். கனம் என் தோளை ஒடித்துவிட்டது. கிழவி அதை ஒரு கையால் வாங்கிக்கொண்டாள்.

எல்லையைத் தாண்டினால் மழை மழையாகவே பெய்கிறது. சாரல் என்ற நாகரிகமெல்லாம் இந்தப் பக்கத்தோடு சரி. ஆரியங்காவில் நிறுத்தி, ஒரு கடையில் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டேன். "ஒற்றைக்காணோ?" என்றார் கடைக்காரர். பாஷை மாறினாலும் கேள்வி மாறவில்லை. போன் கிடைத்தது. அத்தான் முதல் மணியிலேயே எடுத்தார்.

ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் சாஸ்தா கோயில். நனைந்த கோலத்தில் படியிறங்க மனமில்லாமல் மேலே நின்றே கும்பிட்டேன். இங்கே ஐயப்பன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். பெண் வீட்டார் யார் தெரியுமா? மதுரை சௌராஷ்டிரர்கள்! மார்கழியில் திருக்கல்யாணத்துக்கு இன்றும் அவர்கள்தான் சம்பந்திகளாக வந்து சீர் செய்கிறார்கள். மதுரையிலிருந்து துணி கொண்டுபோன ஒரு வியாபாரி தம் பெண் புஷ்கலையையும் கூட அழைத்துவந்தாராம். இந்த இடத்துக்கு வந்ததும், இதற்கு மேல் பயங்கரமான காடு, பெண்குழந்தைக்கு ஆகாது என்று கோயில் அர்ச்சகர் வீட்டில் அவளை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போனாராம். திரும்பி வருவதற்குள் பெண் ஐயப்பனோடு ஐக்கியமாகிவிட்டாள் என்பது கதை.

எத்தனையோ தரம் கேட்ட கதைதான். அன்றைக்கு மழையில் நின்றபோது வேறொன்று தோன்றியது. தகப்பனாரின் துணையோடு வந்த பெண்தான் பாதி வழியில் நிறுத்தப்பட்டாள். ஐயப்பனே மாப்பிள்ளையாக வாய்த்தார் என்பது உண்மை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு மலைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்திருக்காதா?

இனி இறக்கம். தென்காசிச் சமவெளியைவிடப் புனலூர் தாழ்ந்த இடம். ஆகவே ஏறியதைவிட இறங்குவது அதிகம். "அப்புறம் என்ன, ஜாலிதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கடைக்காரர் பிரேக்கை இரண்டாம் தரம் முடுக்கியதன் தாத்பரியம் விளங்கிற்று. என் வண்டியின் ரிம் இரும்பு. மேலே பளபளவென்று முலாம். காய்ந்திருக்கும்போது ரப்பர் கட்டை அதைக் கவ்விப் பிடிக்கும். நனைந்துவிட்டால், சோப்புத் தேய்த்த தரையில் கால் வைத்த கதைதான்; கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும். சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றி, கட்டை அந்தத் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். அதற்குள் வளைவு வந்துவிடும்; வளைவிலே லாரி வந்துவிடும். அலுமினிய ரிம் போட்ட இந்தக் காலத்து வண்டிகளில் இவ்வளவு மோசம் இல்லை.

ஆரியங்காவைத் தாண்டியதும், ஆளில்லாத ஒரு சின்ன இறக்கத்தில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு அமுக்கினேன். வண்டி என்னைச் சட்டையே செய்யாமல் ஏழெட்டு கஜம் போய், பிறகு ஏதோ தயவு பண்ணுவது போல நின்றது. முன்னால் பார்த்தேன். ரோடு வளைந்து வளைந்து கீழே போகிறது. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம். கீழே எங்கேயோ ஆற்றின் சப்தம். வீட்டிலே ஏழு வயதுப் பையன் இருக்கிறான். இறங்கினேன். இறக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

மோட்டார் சைக்கிளில் போன நாலு பையன்கள், "யக்கா! இறக்கத்துல ஏறி உக்காரணும்க்கா!" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன்: கூட ஒருவர் வந்திருந்தால் நான் இறங்கியிருக்க மாட்டேன். அவர் ஓட்டிக்கொண்டு முன்னால் போயிருப்பார். அல்லது "மெதுவாக விடு, ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருப்பார். அவருக்காகவோ, என் ரோஷத்துக்காகவோ ஓட்டியிருப்பேன். தனியாக இருந்ததனால், என் பிரேக்கின் பலம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் நான் நடந்துகொள்ள முடிந்தது.

வழியில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு ஒரு சேச்சி வந்து சேர்ந்தாள். ஒரு மைல் தூரம் கூடவே நடந்தாள். பொழுது விடியுமுன் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு போய்ப் பால் வெட்டுகிறவள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்குமாம். மழைக் காலத்தில் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக்கில் பாவாடை மாதிரி கட்டி, வெட்டுவாயில் தண்ணீர் இறங்காமல் தடுக்கிறார்கள். "தினம் இருட்டில் தனியாகவா?" என்று நான்தான் கேட்டேன் இந்தத் தடவை. "மரம் உண்டல்லோ" என்றாள் சேச்சி. எத்தனை மரம் என்று கேட்டேன். முந்நூறு என்றாள். அவ்வளவு மரத்தையும் ஒரு விடியற்காலையில் சுற்றி வந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்க வேண்டும். குடையை என் தலைக்கும் பாதி பிடித்தபடியே வந்தாள். அதனால் இரண்டு பேரும் நனைந்தோம்.

கழுதுருட்டி அருகே மழை விட்டது. ரோட்டை ஒட்டி ஒரு ரயில் பாலம்; கல்லால் கட்டிய பதின்மூன்று வளைவுகள். 1904-ல் இந்த ரயில் பாதை திறந்ததிலிருந்து அப்படியே நிற்கிறது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2010 வரையில் ஓடின. பாதையை அகலமாக்கி 2018-ல் மறுபடி திறந்தார்கள். குகைக்குள் அரிசி சுமந்த கிழவி நடந்தது இந்தப் பாதையோரந்தான். ரிம்மைத் துப்பட்டாவால் துடைத்தேன். பிரேக் பிடித்தது. அங்கிருந்து தென்மலைக்கு ஓட்டிக்கொண்டே போனேன். அந்த இறக்கத்தைப் பற்றி விஸ்தரிக்க மாட்டேன். பொறாமைப்படுவீர்கள்.

தென்மலையில் புட்டும் கடலையும். இரண்டாவது போன். அதற்குப் பின் இருபது கிலோ மீட்டர் சாதாரண ரோடு. மூன்று மணிக்குப் புனலூர். கல்லடை ஆற்றின் மேல் தொங்கு பாலத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. ஆல்பர்ட் ஹென்றி என்ற என்ஜினீயர் கட்டி, 1877-ல் முடித்தது. இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டுந்தான். சங்கிலியில் தொங்கும் பாலத்தில் நடக்க ஜனங்கள் பயந்தார்களாம். பயத்தைத் தெளிவிக்க, என்ஜினீயர் தம் குடும்பத்தோடு பாலத்தின் அடியில் படகில் போக, மேலே யானைகளை நடத்திக் காட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். படகில் ஏறுமுன் அவருடைய மனைவியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதைப் பற்றிக் கதையில் ஒன்றும் இல்லை.

ராத்திரி புனலூரில் காலேஜ் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் திரும்பினேன். செலவுக் கணக்கு கேட்கும் சகோதரிகளுக்கு: ஓவராயிலிங் நீங்கலாக, அந்த ஒரு நாள் செலவு 190 ரூபாய். அதில் 40 ரூபாய் பழம்பொரிக்கு.

சைக்கிள் புனலூரிலேயே இருக்கிறது. சிநேகிதியின் பெண் அதில் டியூஷனுக்குப் போகிறாள். எப்போது எடுத்து வருவது என்பதுதான் யோசனை. தை மாதம் போகலாமென்றால், அப்போது கணவாயில் காற்று கிழக்கேயிருந்து மேற்கே அடிக்கும், மறுபடியும் எதிர்க்காற்றுதான். முதுகில் தள்ளிவிடும் காற்று வேண்டுமானால் அடுத்த ஆடி வரையில் காத்திருக்க வேண்டும். அதுவும் நல்லதுதான் என்கிறாள் அம்மா. தானே போய் எடுத்து வருகிறாளாம். அறுபது வயதாகிறது. அக்கம்பக்கத்தில் யாருடைய சைக்கிளையோ வாங்கி, சாயந்தரங்களில் தெருக்கோடி வரையில் போய் வருகிறாள். அத்தான் பாங்கியிலிருந்து வரும் நேரத்துக்குள் திரும்பி வந்து கீரை ஆய உட்கார்ந்துவிடுவதால், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.